ஏறும்போது வலது, இறங்கும்போது இடது: கொல்லிமலையில் ஒரு சறுக்கல்

எழுபது என்ற எண்தான் எங்களை இழுத்தது. சேலத்திலிருந்து காலையில் பைக்கில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய மலைப்பாதைகளில் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரிக்கு 14, கொல்லிமலைக்கு 70. "ஏறி இறங்கினா நூத்தி நாப்பது பங்காளி" என்றான் நண்பன். அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. அந்தப் பாதையில் தார் எப்போது போட்டார்கள், எந்த வண்டிகள் ஓடுகின்றன, முந்தின வாரம் மழை பெய்ததா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அன்று நண்பன் விழுந்தான். பெரிய காயம் இல்லை. இடது மணிக்கட்டில் லேசான எலும்பு விரிசல், முட்டியில் தோல் போனது, வண்டியில் கிளட்ச் லீவரும் ஃபுட்ரெஸ்ட்டும் போயின. ஆனால் அவன் என்னைவிட நிதானமாக ஓட்டுகிறவன். அவன் விழுந்தது ஏன் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய் அந்த வளைவில் நடந்து பார்த்தேன். அங்கே தெரிந்ததையும், அதற்குப் பிறகு பாதை பார்க்கும் விதம் எங்களுக்கு எப்படி மாறியது என்பதையும் அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அன்றைய நாள்

அக்டோபர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. கூட்டம் இருக்கக் கூடாது என்று வார நாளாகப் பார்த்திருந்தோம். ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்து, டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் ஏற ஆரம்பித்தோம். ஏற்றம் அருமையாக இருந்தது. வெயில் ஏறாத நேரம், தார் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் எண் பலகையைப் பார்த்து நண்பன் இடது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான். சோளக்காடு சந்தையில் கொஞ்ச நேரம் நின்றோம். செம்மேட்டில் சாப்பிட்டோம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

ஒரு மணி வாக்கில் மழை பிடித்தது. அரை மணி நேரம்தான். அப்புறம் நல்ல வெயில். மூன்று மணிக்குச் சாலை காய்ந்துவிட்டது என்று கிளம்பினோம். காய்ந்துதான் இருந்தது. அதுவே எங்களை ஏமாற்றியது.

இறக்கத்தில், நாற்பதுகளில் ஒரு வளைவு. சரியான எண்ணை எழுதாமல் விடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு யாரும் மற்ற வளைவுகளில் அசட்டையாகப் போய்விடக் கூடாது. இடது பக்கம் திரும்பும் வளைவு. நண்பன் எனக்கு இருபது மீட்டர் முன்னால் இருந்தான். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் இருக்கும், அதற்கு மேல் இல்லை. திரும்பிப் பாதி வளைவு வந்தபோது முன் சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் நழுவியது. சத்தமே இல்லை. வண்டி இடது பக்கம் படுத்து, அவனையும் இழுத்துக்கொண்டு இரண்டு மீட்டர் போய் நின்றது. கீழேயிருந்து ஏறி வந்த பேருந்தின் ஓட்டுநர் முன்னாடியே பார்த்து நிறுத்திவிட்டார். அவர் வேகமாக வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் மனநிலை எனக்கு இருந்திருக்காது.

அவரே இறங்கி வந்து வண்டியைத் தூக்க உதவினார். "உள்ளாற ஒட்டி வந்தீங்களா தம்பி? இந்தப் பக்கம் எறங்கறப்ப உள்ளாற போகக் கூடாதுங்க" என்றார். அன்று அது பொதுவான அறிவுரை என்று நினைத்தேன். அவர் சொன்னதில் முழு விஷயமும் இருந்தது.

வளைவில் நடந்து பார்த்தபோது

நவம்பரில் தனியாகப் போனேன். வளைவுக்கு மேலே நேரான இடத்தில், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். ஓட்டும்போது இரண்டு நொடியில் கடந்துபோகும் இடத்தில் அரை மணி நேரம் நின்றேன்.

முதலில் கண்ணில் பட்டது உள் ஓரம். கொண்டை ஊசி வளைவின் உட்பக்கத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், ஒரு சாண் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. பேருந்தோ லாரியோ திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. அது உள்ளே வெட்டித் தாரை விட்டு இறங்கி, மண்ணில் உருண்டு, திரும்பத் தாரில் ஏறும். ஏறும்போது டயர் பள்ளங்களில் ஒட்டிய மண்ணையும் கல்லையும் இழுத்து வந்து தாரில் போடும். நாளுக்கு எத்தனை முறை அப்படி ஏறுகிறதோ அத்தனை முறை. மழை வந்தால் மேல்பக்க வாய்க்கால் தூர்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் சாலையைக் குறுக்கே கடந்து, அதே மண்ணை விசிறிபோல் பரப்பிவிட்டுப் போகும். நான் காலடி வைத்து அளந்தேன். நீளம் நான்கு அடிவைப்பு, அகலம் ஒன்றரை. நண்பனின் சக்கரம் நழுவிய இடம் அந்த விசிறியின் நடுவில் இருந்தது.

ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். மூன்று வகைக் கல் இருந்தது. சிவப்பாக, முனை மழுங்கி, விரலில் மண் ஒட்டுவது மலைச்சரிவிலிருந்து மழைநீர் கொண்டுவந்தது. சாம்பல் நிறத்தில், எல்லாப் பக்கமும் சுத்தமாக, கூர்மையாக இருப்பது ஏதோ லாரியிலிருந்து சிந்திய சிப்ஸ் ஜல்லி. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: பட்டாணி அளவு கல், ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பாகத் தார் ஒட்டியிருந்தது. அது வெளியிலிருந்து வந்ததில்லை, சாலையே உதிர்த்தது. கனரக வண்டிகள் ஒரே இடத்தில் சக்கரத்தை முறுக்கித் திருப்பும்போது தாரின் மேல் பூச்சு பிய்ந்து கல் கழன்று வருகிறது. தார் ஒட்டிய கல்லைக் கண்டால் அந்த வளைவு நாளைக்கும் கல்லை உதிர்க்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பெருக்கிவிட்டாலும் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். லாரி சிந்திய கல் அப்படியில்லை, போகிற வண்டிகளின் சக்கரமே அதை இரண்டு மூன்று நாளில் ஓரத்துக்குத் தள்ளிவிடும். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு, எங்கே வண்டியை நிறுத்தினாலும் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சரி, இவ்வளவு கல் கிடந்த இடத்தைக் காலையில் ஏறும்போது நாங்கள் எப்படிப் பார்க்காமல் போனோம்? மழை வருவதற்கு முன்னாலும் அங்கே கொஞ்சமாவது கல் இருந்திருக்கும். அந்தக் கேள்வியோடு வளைவின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே நடந்து வந்தேன். அப்போதுதான் புரிந்தது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஏறும்போது அது வலது வளைவு, நமக்குக் கிடைப்பது வெளிப்பாதை. அகலமாக, சரிவு குறைவாக, சுத்தமாக இருக்கும். இறங்கும்போது அதே வளைவு இடது வளைவு. நமக்குக் கிடைப்பது உட்பாதை: குறுகலானது, செங்குத்தானது, கல் கிடப்பது. காலையில் 70 வளைவுகளையும் கடந்தோம் என்று நினைத்திருந்தோம். நாங்கள் பார்த்தது ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாதியை. இறங்கும்போது இருந்த பாதி எங்களுக்கு முற்றிலும் புதிது. ஏறியதில் கிடைத்த தைரியத்தை வைத்து இறங்கியதுதான் அன்றைய தவறு.

உட்பாதை ஏன் செங்குத்தாக இருக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. வளைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் இரண்டு பாதைக்கும் ஒன்றுதான். வெளிப்பாதை அதை நீண்ட தூரத்தில் இறங்குகிறது, உட்பாதை பாதி தூரத்திலேயே இறங்கியாக வேண்டும். சாலை அமைப்புக்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் மலைச்சாலை நெறிமுறை கொண்டை ஊசி வளைவைக் கிட்டத்தட்டச் சமதளமாக அமைக்கச் சொல்கிறது, 40 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சரிவு கூடாது என்று. அப்படி அமைந்த வளைவில் திரும்புவது எவ்வளவு சுகம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். இடநெருக்கடியில் வெட்டப்பட்ட பழைய மலைப்பாதைகளில் எல்லா வளைவும் அப்படி அமைவதில்லை.

25 கிலோமீட்டர் வேகம் எப்படி அதிகமானது

இதே நெறிமுறை கொண்டை ஊசி வளைவுக்குக் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகமாக மணிக்கு 20 கிலோமீட்டரையும், உட்பக்க ஆரமாக 14 மீட்டரையும் வைத்திருக்கிறது. அந்த 14 மீட்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமார் 13 பாகை சாய வேண்டும். டயருக்குத் தேவைப்படும் பிடி, அதன் மேல் இருக்கும் எடையில் 0.22 பங்கு. 25இல் அது 0.35 ஆகிறது. 30இல் சாய்வு 27 பாகை, தேவை 0.5. 40இல் 42 பாகை, தேவை 0.9. பந்தயத் தடத்தில் நல்ல டயரோடு ஓட்டுகிறவர்கள் தொடும் அளவு அது. வேகம் ஒன்றரை மடங்கானால் தேவை இரண்டே கால் மடங்காகிறது, அதனால்தான் 20க்கும் 30க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஸ்பீடாமீட்டரில் தெரிவதைவிட மிகப் பெரியது.

காய்ந்த நல்ல தார் 0.7 அல்லது அதற்கு மேல் கொடுக்கும். அதில் 0.35 என்பது பாதிதான், நிம்மதியான அளவு. ஆனால் தாரின் மேல் உருளும் கல் இருந்தால் டயர் தாரைத் தொடுவதே இல்லை. கிடைக்கும் பிடி பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் நண்பன் அந்த நேரத்தில் முன் பிரேக்கையும் பிடித்திருந்தான். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் டயர் ஒரே பிடியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து இருப்பதைத் தாண்டியதும் சக்கரம் போய்விட்டது. நான் அவனுக்குப் பின்னால் அதே வேகத்தில்தான் வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவன் விழுந்ததைப் பார்த்து நான் நிமிர்ந்து நேராக நின்றதுதான். என் ஓட்டும் திறமைக்கு அதில் பங்கில்லை.

ஏன் வளைவுக்குள் பிரேக் பிடித்தான் என்று அவனிடம் கேட்டேன். மூன்றாவது கியரில், கிளட்ச்சைப் பிடித்தபடி இறங்கியிருக்கிறான். பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்மில் பலருக்கு உள்ள பழக்கம், சிலர் நியூட்ரலிலேயே இறக்குகிறார்கள். இன்ஜின் பிடிக்க வேண்டிய எடை முழுவதும் பிரேக்கில் வந்து விழுகிறது. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு இறங்கியிருந்தால் அந்த இடத்தில் பிரேக்கையே தொட்டிருக்க வேண்டியதில்லை.

டயரும் ஒரு காரணம். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றியபோது பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு ஆண்டு. முன் டயருக்கு ஏழு வயது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, ரப்பர் இறுகிப்போயிருந்தது. காலையில் பெட்ரோல் பங்கில் காற்று பிடித்தபோது இரண்டு சக்கரத்துக்கும் 35 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்திருந்தார்கள். வண்டியின் கையேட்டில் முன் சக்கரத்துக்கு 25தான். நாங்களும் கவனிக்கவில்லை. வண்டி பழையது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்றால், சாய்ந்த நிலையில் சாதாரண ஏபிஎஸ்ஸை நான் பெரிதாக நம்ப மாட்டேன்.

தரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது

அதன் பிறகு மலையில் எங்கள் கண் போகும் இடமே மாறிவிட்டது. முன்பு வளைவின் திருப்பத்தைப் பார்த்தோம், இப்போது முதலில் நிறத்தைப் பார்க்கிறோம். காய்ந்த பழைய தார் சாம்பல் நிறம். வெயில் நேரத்தில் கறுப்பாகப் பளபளத்தால் இரண்டில் ஒன்று: ஈரம், அல்லது சூட்டில் மேலே கசிந்து வந்த தார். இரண்டும் வழுக்கும். நிழலான வளைவில் ஓரம் பச்சையாகத் தெரிந்தால் பாசி. வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் டீசல். அதற்கு வாசனையும் உண்டு, ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து வைத்தால் பத்து மீட்டர் முன்பே மூக்குக்குத் தெரியும். டேங்க்கை வாய் வரை நிரப்பிய லாரி திரும்பும்போது சாய்ந்து சிந்துவது பெரும்பாலும் வளைவில்தான்.

பல வண்டிகள் ஓடும் பாதையில் சக்கரத் தடம் இரண்டும் சுத்தமாக இருக்கும். கல் அவற்றின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் குவிந்திருக்கும். இறங்கும்போது இடது வளைவில் இப்போது நாங்கள் எடுப்பது நம் பாதியின் வலது சக்கரத் தடம். நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. எதிரே பேருந்து ஏறி வருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுகிறோம். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது சட்டத்திலும் இருக்கிறது. பெரிய வண்டி வளைவில் இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும், அதற்கு வேறு வழியில்லை.

மழை நின்று காய்ந்த சாலையை நான் இப்போது ஈரச் சாலையைவிட அதிகம் சந்தேகப்படுகிறேன். ஈரத்தில் எல்லோரும் மெதுவாகப் போவார்கள். காய்ந்த பிறகு தண்ணீர் போய்விடும், அது கொண்டுவந்த மண் இருக்கும். தாரின் குறுக்கே வெளிறிய செம்மண் கோடு ஒன்று தெரிந்தால் அங்கே தண்ணீர் கடந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே உள்ள வளைவில் கல் காத்திருக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை தனி ஆபத்து, தாரில் ஊறிய எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும்.

பாதை தேர்வு

வளைவு எத்தனை என்பதைக் கடைசியில் கேட்கிறோம். அந்த எண் பாதையின் நீளத்தையும் மலையின் உயரத்தையும் சொல்லுமே தவிர, சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

யார் அந்தப் பாதையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது முதல் கேள்வி. திம்பம் பாதையில் 27 வளைவுகள்தான். ஆனால் சத்தியமங்கலத்தையும் சாம்ராஜ்நகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அது, பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். டீசலும், முறுக்கிப் பிய்ந்த தாரும் அங்கே எதிர்பார்க்க வேண்டியவை. புலிகள் காப்பகத்துக்குள் போவதால் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது, நேரம் பார்த்துத்தான் போக முடியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். அங்கே என் கவலை மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கும் மலை. ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் வரையாடு நின்றால் முன்னால் போகிற கார் சொல்லாமல் நின்றுவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளின் செங்குத்துக்கு நான் பழக்கமில்லாத யாரையும் அழைத்துப் போக மாட்டேன். ஏலகிரியின் 14 வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையை ஆண்ட ஓரியின் பெயரும் அங்கே ஒரு வளைவுக்கு உண்டு. மலையில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது அந்தப் பாதையைத்தான். தவறினால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

எந்த மாதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கு மலைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மேற்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. மழைக்காலம் முடிந்து சேதத்தைச் சரிசெய்த பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடித்தது. புதிதாகத் தார் போட்டார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே ஓடுவதில்லை. முதல் சில நாள் மேலே எண்ணெய்ப் பசையும், ஒட்டாத பொடிக்கல்லும் இருக்கும்.

அப்புறம், கேட்பது. சாலை எப்படி என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், காரில் போகிறவருக்கு அது உண்மையும்கூட. கேள்வியை மாற்றிக்கொண்டோம். அடிவாரத்தில் பேருந்து நிற்கும் நேரம் பார்த்து ஓட்டுநரிடம், "அண்ணா, எறங்கற பக்கம் எந்த வளைவுல ஜல்லி கெடக்குதுங்க?" என்று கேட்கிறோம். ஒரே பாதையில் தினமும் நாலு முறை ஏறி இறங்குகிறவருக்கு எண் வாரியாகத் தெரியும். அவர் சொல்லும் எண்களை டேங்க் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுதிக்கொள்கிறோம்.

ஜனவரி கடைசியில் நண்பனின் கை சரியானதும் திரும்பக் கொல்லிமலைக்கே போனோம். வேறு மலைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை. புது முன் டயர், காற்று 25. காரவள்ளியில் ஓட்டுநர் சொன்ன ஐந்து எண்களில் அந்த வளைவும் இருந்தது. இறங்கும்போது அதற்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் நடந்து போனோம். கல் அப்படியே கிடந்தது. நண்பன் ஒன்றைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் கறுப்பு. ஓரத்தில் கிடந்த காய்ந்த கிளையை ஒடித்து, முடிந்த மட்டும் உள் ஓரத்துக்குத் தள்ளினான். நான் மேலே நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்கள் ஸ்கூட்டரில் இறங்கி வந்தார்கள். "தம்பி, உள்ளாற போகாதீங்க, வலது தடத்துல போங்க" என்று நண்பன் சொன்னான். அவர்கள் மெதுவாக, வலது தடத்திலேயே திரும்பிப் போனார்கள்.